டூர் புரோகிராம் போடுகிறவர்களுக்கு, கல்லிடைக்குறிச்சியிலிருந்து

கல்லூரிகளில் சுற்றுலாப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், கம்பெனிகளில் ஊழியர்களை டூர் கூட்டிப்போகும் எச்.ஆர். அலுவலர்களுக்கும் வணக்கம்.

என் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் உங்களில் பலர் மணிக்கணக்கில் என் முதுகைப் பார்த்தபடி பயணம் செய்திருப்பீர்கள். பதினெட்டு வருஷம் டூரிஸ்ட் பஸ் ஓட்டியவன். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். நெல்லைக்கு மேற்கே இருக்கும் கல்லிடைக்குறிச்சியில் என் தங்கச்சி ஒரு மெஸ் நடத்துகிறாள். நான் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன். குரூப்பாக வருகிறவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது, உள்ளூர் வேன் பிடித்துக்கொடுப்பது என்று பாதிப் பொழுது உங்கள் வேலையில்தான் கழிகிறது.

போன தை மாதம் ஒரு கல்லூரியிலிருந்து புரோகிராம் ஷீட் வாட்ஸாப்பில் வந்தது. மூன்று பஸ், 140 பிள்ளைகள், ஒரே நாள். விடிகாலை நெல்லையப்பர் கோயில், அப்புறம் கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், ஒன்பது மணிக்குக் கூந்தன்குளம் பறவைகள், ஒரு மணிக்கு எங்கள் மெஸ்ஸில் சாப்பாடு, பிறகு மணிமுத்தாறு, பாபநாசத்து அகஸ்தியர் அருவி, குற்றாலம், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பவும் நெல்லை, இருட்டுக்கடை அல்வா. கிருஷ்ணாபுரம் நெல்லைக்குக் கிழக்கே இருக்கிறது. கூந்தன்குளம் தெற்கே. மணிமுத்தாறும் பாபநாசமும் மேற்கே. குற்றாலம் அதையும் தாண்டி வடக்கே. ஷீட்டைப் பார்த்த தங்கச்சி, “என்ன அண்ணே, ஆனித் தேரோட்டம் மாதிரி ஊரைச் சுத்தி வடம் பிடிக்காங்க?” என்றாள்.

ஒரு மணிச் சாப்பாட்டுக்கு மூன்றே முக்காலுக்கு வந்தார்கள். 140 இலைக்குச் சமைத்தோம். உட்கார்ந்தது 112 பேர். மற்றவர்கள் வழியில் பப்ஸ் தின்றுவிட்டு பஸ்ஸிலேயே தூங்கிவிட்டார்கள். கூந்தன்குளத்தில் இறங்கி நின்றது இருபது நிமிஷம். மணிமுத்தாற்றில் “பத்து நிமிஷத்தில் ஏறணும்” என்று விசில். பாபநாசம் வனத்துறை செக்போஸ்ட்டுக்குப் போய்ச் சேரும்போது நேரம் முடிந்துவிட்டது, உள்ளே விடவில்லை. குற்றாலத்துக்கு இருட்டிய பிறகுதான் போனார்கள். மறுநாள் மணிமுத்தாறு பக்கம் போன உள்ளூர் வேன்காரர் என்னிடம் வந்து, “உங்க ஆளுங்க போட்டுட்டுப் போன கவரைப் பொறுக்கிட்டு வாரேன் அண்ணாச்சி” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பத்து நிமிஷம் கொடுத்துக் குளித்து, துவட்டி, தின்று, போட்டோவும் எடு என்றால், கையிலிருக்கும் கவரை எங்கே போடுவான்? குப்பைத்தொட்டி எங்கே என்று தேடவே ஐந்து நிமிஷம் ஆகும். என் கணக்கில் அந்தக் குப்பை விழுந்தது, ஷீட்டில் ஏழாவது இடத்தை எழுதிச் சேர்த்த அன்றைக்குத்தான். அதனால்தான் பிள்ளைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் வண்டிக் கணக்கு. இது எனக்குத் தெரிந்த பாடம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ எடை இல்லையே, அது எப்படி என்று நானும் கேட்டேன். எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது என்று ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். சரி. மதுரையிலிருந்து இங்கே வந்து சுற்றிவிட்டுத் திரும்ப 400 கிலோமீட்டர் என்று வைப்போம். பெரிய பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 100 லிட்டர், அதாவது 270 கிலோ. 50 பேர் உட்கார்ந்திருந்தால் தலைக்கு ஐந்தரைக் கிலோகூட வராது. அதே 50 பேர் பத்துக் காரில் வந்தால், லிட்டருக்கு 16 என்று தாராளமாகவே போட்டாலும் 250 லிட்டர். தலைக்குப் பதின்மூன்றரைக் கிலோ. கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள், மேனேஜர் தனிக் கார், டீம் லீடர் தனிக் கார். இன்னொரு பக்கம், பஸ் பிடித்துவிட்டு அதில் பாதி சீட்டைக் காலியாக விட்டு வருகிறவர்களும் உண்டு. பஸ் என்றாலே நல்லது என்று கிடையாது, ஆள் நிறைந்தால்தான் நல்லது. முப்பது பேர்தான் என்றால் சின்ன வண்டியாகக் கேளுங்கள். அருவிக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை ஏசி ஓட வேண்டும் என்று என்ஜினை அணைக்கவிடாமல் வைத்திருப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. டீசல் உங்கள் காசு, புகை பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் ஆச்சிக்கு.

இதைவிட நல்ல வழி ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது. நெல்லையிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் பாதை. நூறு வருஷத்துக்கு மேல் பழையது. மீட்டர்கேஜாக இருந்து 2012-இல் அகலப்பாதையானது. பாசஞ்சர் ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால் போதும், உங்கள் புரோகிராம் அதிலேயே எழுதியிருக்கிறது. சேரன்மகாதேவியில் இறங்கினால் பக்கத்தில் பத்தமடை. தாமிரபரணிக் கோரையை ஊறவைத்து, கிழித்து, காயவைத்துப் பட்டுப்போல் பாய் நெய்கிற ஊர். புவிசார் குறியீடு வாங்கிய பாய். காருகுறிச்சியில் மண்பாண்டம். வீரவநல்லூரில் தறி. எங்கள் ஊரில் அப்பளம். அம்பாசமுத்திரத்தில் இறங்கினால் பாபநாசத்துக்கு டவுன் பஸ். நெல்லையிலிருந்து அம்பை வரை ஒரு மணி நேரச் சங்கதிதான். வெளியூர்க் கல்லூரிகள் ரயிலிலேயே வந்தால், கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சான்று வேண்டும், அவ்வளவுதான்.

சென்னைக் கம்பெனிகளுக்கு இதில் ஒரு சிக்கல். நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை, வந்தே பாரத் எல்லாம் இருந்தும் நாற்பது பேருக்குக் கடைசி வாரத்தில் டிக்கெட் கேட்டால் எங்கே கிடைக்கும்? முன்பதிவு 60 நாளுக்கு முன்னே திறக்கிறது. நீங்கள் டூர் தேதியை முடிவு செய்வது பதினைந்து நாளுக்கு முன்னே. கடைசியில் வெள்ளி ராத்திரி பஸ். 600 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க ஓட்டி, சனிக்கிழமை உங்களோடு ஊர் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பவும் ஓட்டி, திங்கள் காலையில் உங்களை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று அப்போதே சொல்லிவிட்டது. உங்கள் ஷீட்டில் டிரைவர் தூங்குவதற்கு என்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை கயத்தாறு தாண்டி என் கண் ஒரு நொடி மூடித் திறந்தது. பின்னால் நாற்பத்தெட்டுப் பேர் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த நொடியை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் முதல்தடவை.

அடுத்தது, ஒரு இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பது. இதை யாருமே கேட்பதில்லை.

திருப்புடைமருதூருக்குக் கூட்டி வாருங்கள். கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள்ளே ஐந்து நிலைகளிலும் சுவரோவியமும் மரச் சிற்பமும். வெளியே ஊர் மரங்களில் கூடுகட்டும் பறவைகளுக்காக 2005-இல் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் ஆசையாகப் பார்த்துக்கொண்ட பறவைகள் அவை. ஆனால் அந்தக் கோபுரப் படி குறுகல். மூச்சுக்காற்றும் வேர்வைக் கையும் படப்படச் சுவரோவியம் என்ன ஆகும்? ஐம்பது பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட முடியாது, விடவும் கூடாது. முன்கூட்டியே கோயிலில் கேட்டு, பத்துப் பத்துப் பேராகப் போக வேண்டும். மற்றவர்கள் ஆற்றங்கரையில் பறவை பார்க்கலாம்.

பத்தமடையிலும் அப்படித்தான். பாய் நெய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் நாற்பது பேர் போனோடு ஏறி நின்றால் அது கல்விச் சுற்றுலா ஆகாது. காருகுறிச்சியில் ஒரு குயவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு உங்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கினால், அன்றைக்கு அவருக்கு அத்தனை பானை குறைகிறது. வகுப்பெடுத்ததற்குக் கூலி கொடுங்கள். பேரம் பேசி ஒரு அகல்விளக்கு வாங்கிவிட்டு வருவது கூலி ஆகாது. கம்பெனிகள் ஊழியர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் பனியன் காசில் ஆளுக்கொரு பத்தமடைப் பை தாராளமாக வாங்கலாம். வீட்டில் போய் உபயோகமாவது படும்.

கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வந்து அந்தக் குளத்தில் இறங்குகிறது. அங்கே போய் ஏர்ஹாரன் அடித்த பாவத்தை நானும் செய்திருக்கிறேன். பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்தி நடந்து போகச் சொன்னால் உங்கள் ஆட்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

காட்டுக்குள் போவது தனி விவகாரம். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் வந்தது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். செக்போஸ்ட்டில் பையைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை எடுத்தால் சண்டை போடாதீர்கள். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், வாசலில் போய்க் கெஞ்சி ஆகாது. காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன, சின்ன மயிலாறு, சேர்வலாறு என்று. அதெல்லாம் குடும்பங்கள் வாழும் இடம், “பழங்குடி விசிட்” என்று ஷீட்டில் வரி போடாதீர்கள். அகஸ்தியர் அருவியில் குரங்குக்கு பிஸ்கட் போட்டு வீடியோ எடுப்பதும் வேண்டாம். அடுத்த நாள் அது எங்கள் ஊர்ப் பிள்ளை கையில் இருக்கும் பையைப் பிடுங்கும்.

ஆற்றில் இறங்கும் முன் கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மேலே அமைதியாகத் தெரியும், கீழே கசம் என்கிற ஆழக்குழி இருக்கும். அணையில் தண்ணீர் திறந்தால் படித்துறையில் எத்தனை படி மூழ்கும் என்று துணி துவைக்கிற அக்காவுக்குத் தெரியும், கூகுளுக்குத் தெரியாது. குற்றாலத்தில் 2024 மே மாதம் பழைய அருவியில் திடீர் வெள்ளம் வந்து நெல்லைப் பையன் ஒருவன் போனான். மெயின் அருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டினால் தடைதான். தடை போட்டால் வேறு என்ன செய்வது என்று ஷீட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா? அது இல்லாததால்தான் “இவ்வளவு தூரம் வந்துட்டோமே சார்” என்று போலீஸ்காரரிடம் கெஞ்சல்.

இப்போது கொஞ்சம் கூச்சமான விஷயம். மாணவிகளும் பெண் ஊழியர்களும் டூர் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. நான் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது. ஏன் என்று கேளுங்கள். ஐம்பது பெண்கள், நிறுத்துகிற இடத்தில் ரெண்டு கழிப்பறை, ஆளுக்கு மூன்று நிமிஷம். எழுபத்தைந்து நிமிஷம் ஆகும். உங்கள் ஷீட்டில் “டீ பிரேக், 15 நிமிஷம்” என்று இருக்கும். வரிசையில் கடைசியில் நிற்கும் பெண் என்ன செய்வாள்? திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்துவிடுவாள். இடங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்ல எனக்கு வேறு காரணமே வேண்டாம், இது ஒன்று போதும்.

தண்ணீர் பாட்டில் கணக்கும் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 50 பேர் ஆளுக்கு ரெண்டு லிட்டர் என்றால் 100 பாட்டில். அதுவே 20 லிட்டர் கேன் என்றால் ஐந்து. ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். மெஸ்ஸிலேயே கேன் நிரப்பித் தருவோம், காலிக் கேனைத் திரும்பக் கொடுத்தால் சரி. 2019-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்பும் தட்டும் தமிழ்நாட்டில் தடை. அது தெரிந்தே காலை டிபனுக்குப் பிளாஸ்டிக் பூசிய தட்டு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். “கழுவுற வேலை மிச்சம் பாருங்க” என்கிறார்கள். எங்கள் வேலையைப் பற்றி அவ்வளவு அக்கறை.

சாப்பாட்டில் தங்கச்சி கெட்டிக்காரி. குரூப் என்றால் கூட்டாஞ்சோறு போடுவாள். அரிசி, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே அண்டாவில். அடுப்பு ஒன்று, விறகு கொஞ்சம், காய் அத்தனையும் அம்பை சந்தையில் வாங்கியது, தொட்டுக்கொள்ளக் கூழ்வத்தல். இன்னொரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். ஆனால் ஷீட்டில் பிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், பனீர் என்று வரும். நெல்லைச் சீமைக்கு வந்து சொதி சாப்பிடாமல் போகிறவர்களை என்ன சொல்ல. வழியில் சாப்பிட வேண்டுமென்றால் புளியோதரையை வாட்டிய வாழையிலையில் கட்டித் தருவோம். இலையை மாடு தின்னும், நூலை மட்டும் திரும்பக் கொண்டுபோங்கள்.

போன வருஷம் ஒரு கம்பெனி “பசுமைப் பயணம்” என்று வந்தது. நாற்பது பேருக்கும் பச்சை பனியன். இரண்டு படித்துறைக்கு நடுவே பத்தடிக்குப் பிளெக்ஸ் பேனர், “இயற்கையைக் காப்போம்”. சித்திரை வெயிலில் ஆற்றங்கரையில் ஆளுக்கொரு மரக்கன்று நட்டார்கள். போட்டோ நன்றாக வந்தது. கன்றோடு வந்த கறுப்புக் கவர் நாற்பதும் அங்கேயே கிடந்தது. யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டதற்கு, “லோக்கல் பீப்பிள் பார்த்துக்குவாங்க” என்றார் ஒருவர். லோக்கல் பீப்பிள் என்றால் நான்தான். பத்து நாள் ஊற்றினேன். வெயிலும் ஆடும் மிச்சம் வைக்கவில்லை. பேனரை மட்டும் தங்கச்சி கழற்றி வந்து விறகுக்கு மேலே மூடியிருக்கிறாள், மழைக்கு நன்றாகத் தாங்குகிறது.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு கணக்கு டீச்சர் வந்தார். டூருக்கு மூன்று வாரம் முன்னால் தனியாக, பாசஞ்சர் ரயிலில். கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனிலிருந்து மெஸ் வரை நடந்து, எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டார். கழிப்பறைகளை எண்ணினார். எங்கள் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டார். குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் திருடுபோய், ஆஸ்திரேலியா வரை போய், 2019-இல் ஊர் திரும்பிய கதையைச் சொன்னதும், “அப்போ இந்த ஊரிலேயே அரை நாள் இருக்கே அண்ணாச்சி” என்று குற்றாலத்தை ஷீட்டிலிருந்து அடித்துவிட்டார். சிலை திரும்பி வந்த கதை சொல்ல ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பிடித்துவைத்தோம்.

62 பிள்ளைகள். இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவு காலையில் காருகுறிச்சி, மதியம் ஆற்றங்கரை, மற்றது மாற்றி. மொத்தமே மூன்று இடம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டில் முதல் மூன்றான கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் மூன்றும் எங்கள் பக்கம்தான் இருக்கின்றன. கன்னடியன் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, நெல் போடும் இரண்டு பருவத்தில் கார் சாகுபடி என்றால் என்ன, பிசானம் என்றால் என்ன என்று ஒரு விவசாயியிடம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குழாயில் குடிப்பது இந்தத் தண்ணீர் என்று பிள்ளைகளில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். முந்தின வாரம் படித்துறையில் யாரோ உடைத்த பாட்டிலில் ஒரு அண்ணாச்சி கால் கிழிந்து கட்டுப்போட்டிருந்தார். அவர் கட்டைக் காட்டியதும் ஒரு பையன் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி மிச்சச் சில்லைப் பொறுக்கினான். டீச்சர் சொல்லவும் இல்லை, பேனரும் இல்லை. நேரம் இருந்தது, பொறுக்கினான்.

சாயங்கால ரயிலுக்கு அரை மணி முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். இருட்டுக்கடை அல்வா கிடைக்கவில்லை என்று ரெண்டு பேர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதுவும் நியாயமான குறைதான், ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாரல் சீசன் நெருங்குகிறது. ஆனி பிறந்தால் ஷீட்டுகள் வர ஆரம்பிக்கும். சனி, ஞாயிறு வேண்டாம், முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சொரிமுத்தையன் கோயில் கூட்டத்தில் பாபநாசம் சாலையே நகராது, அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். ஷீட்டை அச்சடிப்பதற்கு முன்னால் ஒருதடவை யாராவது ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள், அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம் என்று தங்கச்சி சொல்லச் சொன்னாள். அப்புறம், ஆள் கணக்கை முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சரியாகச் சொல்லிவிடுங்கள். விடிகாலை நாலு மணிக்கு அவள் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டூரிஸ்ட் பஸ் டிரைவர்,
கல்லிடைக்குறிச்சி